எர்த் போல்ட்டுக்கு அடியில் நான் அடித்த பெயிண்ட்

நடந்தவை வரிசைப்படி:

1. ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பழைய காரின் முன்பக்கத்துத் துருவைச் சுரண்டிவிட்டுக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன்.
2. தீபாவளி கழிந்ததும், ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்று அப்பா சொன்னார்.
3. நான் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, விளக்கில் குறை இல்லை என்றேன்.
4. அப்பாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.
5. செம்பூரில் கார் டிவைடரில் உரசியது. அதன்பின் இருட்டில் கார் ஓட்டுவதை அப்பா விட்டுவிட்டார்.
6. குறை விளக்கில்தான் இருந்தது. அதற்குக் காரணம் நான் அடித்த பெயிண்ட்.

எழுதிப் பார்த்தால் அலுவலகத்தில் நான் கொடுக்கும் அறிக்கை போலவே இருக்கிறது. மருத்துவமனைகளுக்குப் போகும் கருவிகளின் பவர் சப்ளையைச் சோதிப்பது என் வேலை. பழுதாகித் திரும்பி வரும் கருவியை மேஜையில் வைத்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக இதில் யார் கை வைத்தது? இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டு, அவர்கள் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கார் விஷயத்தில் மட்டும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

எங்கள் வீடு தாராவியில். கீழே முறுக்கும் தட்டையும் போடும் அடுப்படி, மேலே நாங்கள். அம்மாவும் இரண்டு பெண்களும் காலையிலிருந்து சுட்டு எடுப்பதை அப்பா மாலையில் காரில் ஏற்றி மாட்டுங்கா, செம்பூர், சான்பாடா கடைகளுக்குப் போடுவார். கார் நான் பள்ளியில் படிக்கும்போதே பழையதாக வாங்கியது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு டப்பாக்கள் அடுக்குகிறோம். அந்த மாலை நேரத்துச் சுற்றுதான் அப்பாவின் வேலை, அவருடைய வெளியுலகம், அரட்டை எல்லாம். சான்பாடா கடைக்காரரோடு டீ குடிக்காமல் அவர் திரும்பியதே இல்லை.

ஆயுத பூஜை வந்தால் எங்கள் சந்தில் எல்லாவற்றுக்கும் புதுப் பெயிண்ட் ஏறும். தையல் மெஷின் கால், கைவண்டிச் சக்கரம், ஆட்டோவின் கம்பி, எங்கள் முறுக்குப் பிழியும் மெஷின், எதுவும் தப்பாது. மும்பை மழை நான்கு மாதம் நனைத்துத் துருவேற்றிவிட்டுப் போயிருக்கும். அடுத்த வாரமே பூஜை. துருப்பிடித்த இரும்புக்குச் சந்தனம் வைப்பது அம்மாவுக்குப் பிடிக்காது.

"மூஞ்சி கழுவாத பிள்ளைக்குப் பொட்டு வச்ச மாதிரி இருக்கும். நல்லா சுரண்டி அடி, ஏளா," என்றாள்.

நன்றாகத்தான் அடித்தேன். மற்றவர்கள் போல் மேலோட்டமாகப் பிரஷ் ஓட்டவில்லை. பானெட்டைத் திறந்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டை உப்புத்தாளால் தேய்த்தேன். அங்கே ஒரு போல்ட்டில் சில வயர்கள் சேர்த்துப் பூட்டப்பட்டிருந்தன. அவற்றின் மேலேயே பெயிண்ட் அடிப்பது அரைகுறை வேலை என்று போல்ட்டைக் கழற்றி வயர்களை ஒதுக்கி, அடியில் இரண்டு கோட்டிங் கொடுத்து, காய்ந்ததும் மறுபடி பூட்டினேன். அது எர்த் போல்ட். விளக்குக்குள் போன மின்சாரம் அந்தத் தகட்டின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். வயரின் வளையம் வெறும் இரும்பில் உட்கார வேண்டும். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. அன்று நான் பூஜைக்குக் காரை அழகாக்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

கெட்டதில் நல்லது, அல்லது கெட்டதில் கெட்டது, விளக்கு உடனே அணையவில்லை. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. நாளாக ஆக மரையும் கறுத்து, விளக்கு மெல்ல மெல்ல மங்கியது. வயதாகும் கண்ணும் அப்படித்தானே மங்கும்.

அப்பா முதலில் பழி போட்டது சந்தனத்தின் மேல். பூஜையன்று இரண்டு ஹெட்லைட்டிலும் அம்மா சந்தனமும் குங்குமமும் அள்ளி வைத்திருந்தாள். நியூஸ்பேப்பரை நனைத்துக் கண்ணாடியைத் தேய்தேய் என்று தேய்த்தார். பக்கத்து வீட்டு ஆட்டோக்கார மாமா நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணாடியே தேஞ்சிரும் போல இருக்கே."

"லைட்டு மங்குது வே. ரோடே தெரியல."

"பல்பு மாத்திப் பாரும்."

பல்பு மாற்றினார். மாறவில்லை. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, ஒரு நிமிசம் லைட்டப் பாரேன். இண்டிகேட்டர் போட்டா அதுவும் சேந்து கண்ணடிக்கு."

அந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. இண்டிகேட்டர் துடிக்கும்போது ஹெட்லைட்டும் துடித்தால், இரண்டும் சேரும் எர்த்தில் கோளாறு. படிக்கிற பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். நான் அந்த வரியைக் காதில் வாங்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போய், பல்பிலிருந்து கனெக்டரை உருவி, அதன் இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"ஃபுல் வோல்டேஜ் வருதுப்பா. லைட்ல ஒண்ணும் இல்ல."

"இல்லட்டி, மங்கலாத்தான் இருக்கு."

"மீட்டர் பொய் சொல்லாதுப்பா."

மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட விதம் தப்பு. பல்பு எரியாதபோது மின்சாரமே ஓடாது. ஓடாதபோது கெட்ட எர்த்தும் நல்ல எர்த்து போலவே காட்டும். எரியும்போதுதான் அளக்க வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை நானே சொல்லிக்கொடுக்கிறேன். அன்று எனக்குப் பசி, அலுப்பு, அதோடு அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது என்ற நினைப்பு. மூன்றும் சேர்ந்து விடையை முன்னாடியே முடிவு செய்துவிட்டன.

"கண்ணக் காட்டுவோம்ப்பா," என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன். அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

சயானில் ஒரு கண் மருத்துவர். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, புரை இப்போதுதான் லேசாகத் தொடங்கியிருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த வருடம் வாருங்கள் என்று இந்தியில் சொன்னார். ஹெட்லைட் மங்கலாகத் தெரிவதற்கு இது காரணமாக இருக்குமா என்று நான் கேட்டேன். இருக்கலாம் என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரின் இந்தி அவருக்கும் புரியும், என்னைவிட நன்றாகவே பேசுவார். ஆனாலும் என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார்.

"புரை ஆரம்பிச்சிருக்குப்பா. அதான் மங்கலாத் தெரியுது."

"லேசாக", "இருக்கலாம்" என்ற இரண்டு வார்த்தைகளையும் நான் விட்டுவிட்டேன். பொய் சொல்லவில்லை, சுருக்கினேன். அப்பா தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறுகையில், இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் செம்பூரில், சாலை விளக்கு எரியாத ஒரு திருப்பத்தில், டிவைடரின் முனை காரை உரசியது. ஒரு பக்கக் கதவில் கீறல் விழுந்ததோடு போயிற்று. யாருக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா காரை வெளிச்சத்தில் நிறுத்தினார். அம்மா கதவின் கீறலைத் தடவிப் பார்த்தாள்.

"இது ஒரு மனுசனா இருந்திருந்தா?"

அப்பா சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பொம்பளப் பிள்ள படிச்சுப் படிச்சு சொல்லுதா, கண்ணு சரியில்லன்னு. கேட்டாத்தான."

"சரி ஏளா. இனிமே ராத்திரி எடுக்கல. போதுமா?"

சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. பெரிதாக எதுவும் நடப்பதற்கு முன்னால் தடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். தோழியிடம்கூடச் சொன்னேன்: "நல்ல வேளை, அப்பா ஒத்துக்கிட்டார்."

மாலைச் சுற்று என் பொறுப்பாயிற்று. ஆபீஸ் முடிந்து வந்து ஓட்டுவேன். அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கடை வந்ததும் டப்பாவை எடுத்துக் கொடுப்பார். விளக்கு மங்கல்தான். எனக்கும் தெரிந்தது. பழைய கார் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவின் கண்ணைக் குறை சொல்ல மனம் எவ்வளவு வேகமாகப் போனதோ, அவ்வளவு வேகமாகக் காருக்கும் சாக்குச் சொல்லிவிட்டது.

அந்த மாதங்களில் அப்பா மாறிப்போனார். மாடிப்படியில் இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கினார். போனில் மெசேஜ் வந்தால், படித்துப் பார்க்காமலே நீட்டினார்: "என்னன்னு பாரு, எனக்கு எங்க தெரியப்போவுது." சான்பாடா கடையில் டீ வந்தால், பிள்ளைக்கு நாளைக்கு ஆபீஸ் என்று எழுந்துவிடுவார். ஆட்டோக்கார மாமா ஒருநாள் கிண்டலாக, "அண்ணாச்சி, மக டிரைவரா வந்தபொறவு ஒமக்கு ராஜ வாழ்க்கதான் போங்க," என்றார். முன்பு என்றால் அப்பா பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பார். அன்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

லேசான புரைக்கு யாரும் சுவரைப் பிடித்து நடக்க மாட்டார்கள். அவர் பிடித்து நடந்தது நான் சொன்ன வார்த்தையை நம்பி.

ஒரு மாலை சான்பாடாவிலிருந்து திரும்பும்போது மான்குர்த் அருகே போக்குவரத்து நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை டெம்போ. அதன் பின்கதவில் எங்கள் ஹெட்லைட் விழுந்து இரண்டு மஞ்சள் வட்டமாக இருந்தது. இடப்பக்கம் ஒதுங்க இண்டிகேட்டர் போட்டேன். வட்டங்கள் இரண்டும் மங்கி எழுந்தன. மங்கி எழுந்தன. இண்டிகேட்டரின் டக்டக் சத்தத்தோடு சேர்ந்து, கண் சிமிட்டுவதுபோல.

அப்பா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இண்டிகேட்டரை அணைத்தேன். வட்டங்கள் நின்றன. மறுபடி போட்டேன்.

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கனெக்டரை உருவி அளந்தது, பெயிண்ட் அடித்தது, போல்ட்டைக் கழற்றியது எல்லாம் பின்னோக்கி ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் வாய் திறக்கவில்லை. உறுதி செய்யாமல் பேசக்கூடாது என்பது என் பயிற்சி. அவருடைய கண்ணைப் பற்றிப் பேசும்போது அந்தப் பயிற்சி எங்கே போயிருந்தது என்று யோசித்துக்கொண்டே தாராவி வரை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தேன். இந்தத் தடவை முறையாக. என்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டை எரியவிட்டேன். பேட்டரி சரி. பேட்டரியிலிருந்து பல்புக்கு வரும் பக்கம் சரி. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் எர்த் வயரிலும் வைத்தேன். அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. விளக்குக்குப் போக வேண்டியதில் அவ்வளவு அந்த ஒரு இடத்திலேயே தொலைந்துகொண்டிருந்தது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். போல்ட் வந்தது. பெயிண்ட் கொஞ்சமும் உரியாமல் அழகாக இருந்தது. அதில் ஒரு பிரஷ் முடி ஒட்டிக் காய்ந்திருந்தது.

போல்ட்டைக் கழற்றி, வளையம் உட்காரும் இடத்தை மட்டும் இரும்பு மினுங்கும்வரை சுரண்டினேன். வளையத்தையும் மரையையும் தேய்த்துச் சுத்தம் செய்து, இறுக்கிப் பூட்டி, மேலே வேஸ்லின் தடவினேன். திரும்ப அளந்தபோது பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டியது. எதிர்க்கடையின் மூடிய ஷட்டரில் வெளிச்சம் பகலிலேயே பளிச்சென்று விழுந்தது. இந்த வேலைக்கு ஆன நேரத்தில் அம்மா ஒரு ஈடு தட்டைகூடச் சுட்டு எடுத்திருக்க மாட்டாள்.

அப்பாவைக் கூப்பிட்டேன். சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கி வந்தார். ஷட்டரைப் பார்த்தார்.

"அட. எங்க காட்டி சரி பண்ணுன?"

"நான்தான்ப்பா. எர்த் போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் இருந்துச்சு. பூஜைக்கு நான் அடிச்சது. அதனாலதான் மங்குச்சு."

அவர் பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். கண்ணாடி போடாமலே போல்ட்டை விரலால் சரியாகத் தொட்டார்.

"இதா?"

"ஆமாப்பா."

"அப்ப இண்டிகேட்டருக்குக் கண்ணடிச்சது?"

"அதுவும் இதனாலதான். நீங்க சொன்னது சரி. நான்தான் கேக்கல."

நிமிர்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப என் கண்ணு?" என்றார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குப்பா. டாக்டர் லேசான புரைன்னுதான் சொன்னாரு. ஒண்ணும் செய்ய வேண்டாம்னாரு."

"நானும் காதால கேட்டேன். லேசான்னு அவரு சொன்னாரு. நீ அதச் சொல்லலயேன்னுதான், ஏதோ மறைக்கியோன்னு நெனச்சேன்."

இத்தனை மாதமும் அவர், மகள் தன்னிடம் பெரிதாக எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் சுவரைப் பிடித்து நடந்திருக்கிறார். என் பட்டியலில் இது இல்லை. எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

பானெட்டை அவரே மூடினார். "அம்மகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டுக் கெடக்காத. வயரு போயிருந்துச்சு, மாத்தியாச்சுன்னு சொல்லுதேன்."

சொன்னபடி சொன்னார். ஆட்டோக்கார மாமாவிடமும் அதையே சொன்னார். "எம் மவதான் கண்டுபிடிச்சா வே. நீரு பல்பு பல்புன்னீரு." மாமா, "இன்ஜினியரு சும்மாவா," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுப்படியில் அம்மா அந்த இரண்டு பெண்களிடமும் பெருமையாகச் சொல்வது கேட்டது. இரண்டு நாள் அதைப் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மாவு பிசையும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் சொன்னதில் நான் விட்ட வார்த்தைகள் உட்பட.

அம்மா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கதவுல கீறல் விழுந்த அன்னைக்கு நான் என்ன பேச்சுப் பேசுனேன்," என்றாள். பிறகு, "அவியளும் எதுத்து ஒரு வார்த்த சொல்லலயே."

அவ்வளவுதான். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்று அப்பாவுக்குக் காபி அவளே மாடிக்குக் கொண்டுபோனாள்.

விளக்கு சரியான பிறகு இரண்டு வாரம் கழித்து, சான்பாடா முடித்துத் திரும்பும் வழியில், செம்பூரில் கடைசிக் கடையில் சரக்கு இறக்கியதும் நான் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். நன்றாக இருட்டியிருந்தது.

"நீங்க ஓட்டுங்கப்பா. சயான் வரைக்கும்."

"எனக்கு என்னத்துக்கு?"

"லைட்டு எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

யோசித்துவிட்டு உட்கார்ந்தார். சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். என் கால் அளவுக்கு முன்னால் இருந்தது. முதல் சிக்னல்வரை பழையபடிதான் ஓட்டினார், ஒரு கையால். "ஏக்தம் கிளியர், அப்படியே பளிச்சுன்னு தெரியுது," என்றார். எனக்கு நெஞ்சு லேசாயிற்று. சிக்னல் தாண்டியதும் எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வந்தது. யாருக்கும் கண் கூசும். எனக்கும் கூசியது. அப்பா உடனே வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி நிறுத்திவிட்டார்.

"எல்லாருக்கும் அப்படித்தான்ப்பா கூசும்," என்றேன்.

"உனக்கும் கூசுச்சா?"

"கூசுச்சு."

என்னைப் பார்த்தார். நான் உண்மையைத்தான் சொல்கிறேனா, ஆறுதலுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தார். முன்பெல்லாம் நான் சொன்னால் அப்படிப் பார்க்க மாட்டார்.

"நீயே எடுட்டி. நமக்கு எதுக்கு," என்று இறங்கினார்.

காரைச் சுற்றி இந்தப் பக்கம் வரும்போது பானெட்டின் மேல் கை வைத்துக்கொண்டே வந்தார். விளக்கு வெளிச்சம் அவர் வேட்டியில் பட்டு நகர்ந்தது. நான் ஸ்டியரிங் பக்கம் மாறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். அவர் சாலையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பார்ப்பதற்கு முன்பே ஒரு பள்ளத்தைப் பார்த்து, "பாத்து, பள்ளம்," என்றார்.

முதலில் பார்த்தது அவர்தான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இப்போதைய நிலவரம் இது. ஹெட்லைட்கள் இரண்டும் சரியாக எரிகின்றன. மாதத்துக்கு ஒரு தடவை எர்த்தை அளந்து பார்க்கிறேன், மாற்றமில்லை. மாட்டுங்கா கடைகளுக்கு அப்பா பகலில் தானே ஓட்டிப் போகிறார். மாடிப்படியில் சுவரைத் தொடுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கண் மருத்துவரிடம் மறுபடி நேரம் வாங்கியிருக்கிறேன். உள்ளே அவருடன் அம்மா போவாள், நான் வெளியே இருப்பேன் என்று முடிவாகியிருக்கிறது. இருட்டிய பிறகு கார் இன்னும் நான்தான் ஓட்டுகிறேன்.